மேஸ்திரிக்குப் பெண்பால்

ஆகஸ்ட் 11, திங்கள்

இவர் சொல்லித்தான் இந்த நோட்டை எழுதத் தொடங்குகிறேன்.

"தெனமும் சைட்ல என்ன நடந்துச்சுன்னு எழுதி வச்சு, சாயங்காலம் எனக்கு வாசிச்சுக் காட்டு. படுத்த எடத்துலேர்ந்தே நான் வேலையச் சொல்லுதேன்" என்றார்.

பத்து நாளைக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். மூன்று மாடி உயரத்தில் பூனை மாதிரி நடந்தவர், விழுந்தது ஆறடிச் சாரத்திலிருந்து. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாசம் காலை ஊன்றக் கூடாது.

எழுதுகிறவள் பெயர் பேச்சித்தாய். வயது நாற்பத்து மூன்று. பன்னிரண்டாம் வகுப்பு, தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல். கல்யாணமான மறு வருசத்திலிருந்து இவரிடமே சித்தாள். இவர் என் புருசன், சொரிமுத்து மேஸ்திரி. திருச்செந்தூர் வட்டாரத்தில் பெயர் சொன்னால் தெரியும்.

இப்போது நடக்கிற வேலை வீரபாண்டியன்பட்டணத்தில் பிளசிடா டீச்சருக்கு ஒரு வீடு. சுவர் இடுப்பளவு எழும்பி நிற்கிறது. மழைக்காலத்துக்கு முன் கூரை போட்டுக் கொடுப்பதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நாளைக்கு நான் போகிறேன். சும்மா, இவர் சொல்வதை அங்கே சொல்லத்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரவே மாவாட்டி வைத்தது நல்லதாயிற்று. இவருக்கு இட்லி கொடுத்து, உடம்பு துடைத்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

டீச்சர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கோவாவில் போர்ச்சுக்கீசு மொழி படித்துவிட்டு வந்து கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். ராத்திரி தூங்காத முகம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மேஸ்திரி இல்லாம எப்படின்னு வீட்டுல பயப்படுறாங்க. வேற ஆள் பார்க்கலாமான்னு..."

"கதவு சன்னலுக்கு மேல லிண்டல் போடுற வரைக்கும் பாருங்க டீச்சர். சரியில்லன்னா நானே நல்ல ஆளாப் பாத்துத் தாரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இவர் சொல்லச் சொன்னது வேறு. "மன்னிச்சிருங்க, கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார்.

மற்றபடி இரண்டு வரிசை செங்கல் ஏறியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மணல் லாரிக்காரர், தண்ணீர் வண்டிக்காரர், கம்பிக் கடைக்காரர், மூன்று பேரும் "மேஸ்திரி எங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். மூன்று தரமும் திரும்பிப் பார்த்தேன், அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார் என்பதுபோல.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று சண்டை.

ராசகனி என்னோடு பன்னிரண்டு வருசமாகச் சாந்துச்சட்டி சுமக்கிறவள். டீ குடிக்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"யக்கா, இனிமே ஒன்ன மேஸ்திரியம்மான்னு கூப்பிடட்டா?"

"அது மேஸ்திரி பொண்டாட்டிய கூப்பிடுறதுல்லா. அதத்தான் இருபது வருசமாக் கூப்பிடுதாங்களே."

"அப்ப மேஸ்திரிச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை. கொம்பையா இவருடைய தம்பி, கொத்தனார். கை வேகம் அதிகம்.

"வாத்தியாருன்னா வாத்தியாரம்மா உண்டு. டாக்டருன்னா டாக்டரம்மா உண்டு. மேஸ்திரிக்குப் பொம்பளப் பேரு உண்டா? கொத்தனாருக்குத்தான் உண்டா? ஏன் இல்ல? அப்படி ஒரு ஆளு இல்ல, அதனால பேரும் இல்ல. போங்க மதினி, போயி கலவையப் பாருங்க."

கலவையைப் பார்க்கத்தான் போனேன். அவன் சொன்னது இலக்கணப்படி சரிதானே என்று ஒரு யோசனை ஓடியது. தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினவளுக்கு வருகிற புத்தி.

டீச்சர் செங்கல் அடுக்குப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை இவரிடம் வாசிக்கவில்லை. நோட்டை இவர் தலைமாட்டில்தான் வைக்கிறேன். பொடி எழுத்து இவருக்குத் தெரியாது என்ற தைரியம்.

ஆகஸ்ட் 23, சனி

வாசித்துக் காட்டியது: "கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவர் வேலை நடந்தது."

நடந்தது இது.

நேற்றுக் கொம்பையா கட்டிய நடுச்சுவரில் காலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நூல் மேலே சுவரை ஒட்டி நின்றது, கீழே அரை இஞ்சு விலகி நின்றது. மூன்று இடத்தில் விட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அதேதான்.

"தம்பி, சுவர் சாஞ்சிருக்கு. பிரிச்சுக் கட்டணும்."

"பூச்சுல சரிக்கட்டிரலாம் மதினி. எங்கண்ணன் இருந்தா இத ஒரு பேச்சாவே எடுக்க மாட்டாரு."

உண்மைதான். எடுத்திருக்க மாட்டார்.

"இது மேல கூரை உக்காரப் போகுது. பிரிங்க."

அவன் கரண்டியைச் சாந்துக்குள் எறிந்தான். "நீங்களே இடிங்க, நீங்களே கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நானும் ராசகனியும் இடித்தோம். நேற்றைய சாந்து இன்னும் இறுகவில்லை. செங்கல் முழுசு முழுசாகக் கழன்று வந்தது. பாதியில் டீச்சர் வந்து, "ஐயோ, ஏன் இடிக்கிறீங்க?" என்று பதறினார்.

"சாஞ்சிருக்கு டீச்சர்."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒங்களுக்குத் தெரியாது. சுவத்துக்குத் தெரியும்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழன்ற செங்கல்லை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கொம்பையா வரவில்லை. இன்னொரு கொத்தனார் தேடினால் இந்த மாசம் கிடைக்காது. முகூர்த்த மாசம், எல்லோருக்கும் வேலை.

கரண்டியை நானே எடுத்தேன்.

கை கூசும் என்று நினைத்தேன். கூசவில்லை. சாந்தை விரித்து, கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு. மத்தியானத்துக்குள் ஐந்து வரிசை. நூலுக்கு ஒரு மயிரிழை விலகவில்லை. ராசகனி சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"யக்கா, இத எங்க படிச்ச?"

பார்த்துப் பார்த்துப் படித்தது என்றேன். அது முழுப் பதில் இல்லை. இவருக்கு ஐந்தாறு வருசமாகக் கிட்டத்துப் பார்வை மங்கல். ஆட்கள் போன பிறகு மூலைகளுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும், விலகின கல்லை எடுத்துத் திருப்பி வைப்பதும் நான்தான். மூலை பிசகாமல் நின்றால் 'சொரிமுத்து மேஸ்திரி மூலை' என்று ஊரில் சொல்வார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். களைப்பே தெரியவில்லை. ஏதோ பாட்டு முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 30, சனி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய மீன்குழம்போடு வந்தார். எங்களோடு மணலிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, அன்னைக்கு அவர் கேட்டாருல்ல, மேஸ்திரிக்குப் பெண்பால் உண்டான்னு. நான் தேடிப் பார்த்தேன். மேஸ்திரி தமிழே இல்ல, தெரியுமா?"

"பின்ன?"

"போர்ச்சுக்கீசு. 'மெஸ்த்ரெ'. ஐந்நூறு வருசத்துக்கு முன்னால இந்தக் கரைக்குக் கப்பல்ல வந்த வார்த்தை. சாவி, மேசை, அலமாரி, நீங்க இப்ப வைக்கிற சன்னல், எல்லாம் அப்படி வந்ததுதான்."

ராசகனி சன்னல் ஓட்டையை ஒரு தரம் புதுசாகப் பார்த்தாள்.

டீச்சர் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார். மெஸ்த்ரெ போர்ச்சுக்கீசுக்காரர்களுக்கும் சொந்தம் இல்லையாம். அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது 'மகிஸ்தெர்'. தலைவன், ஆசான், எல்லாவற்றுக்கும் அதுதான் சொல். ஆயிரம் வருசம் வாயில் புரண்டு புரண்டு நடுவில் இருந்த 'கி' தேய்ந்துபோனதாம். நம் ஆட்கள் கேட்டு, நம் வாய்க்குத் தக்கபடி கடைசியில் ஓர் இகரத்தைப் போட்டு மேஸ்திரி ஆக்கினார்கள்.

"மொதல்ல யார் வாயிலேர்ந்து யார் கேட்டாங்கன்னு சொல்ல முடியாது" என்றார். "ஆனா உங்களுக்கு வேண்டியது இனிமேதான் இருக்கு. மகிஸ்தெருக்குப் பெண்பால் உண்டு. 'மகிஸ்த்ரா'. போர்ச்சுக்கீசில 'மெஸ்த்ரா'. ரெண்டும் சேர்ந்தேதான் இருந்திருக்கு. இங்க கப்பல் ஏறி வந்தது ஆண்பால் மட்டும்."

"மெஸ்த்ரா" என்று ராசகனி சொல்லிப் பார்த்தாள். "மெஸ்த்ரா, சாந்து போதுமா? மெஸ்த்ரா, டீ வந்துட்டு..." முடிக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஏதோ வயிற்று வலி மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. டீச்சருக்கே கண்ணில் தண்ணீர்.

சிரித்து முடித்த பிறகு நான் கேட்டேன். "அந்த மகிஸ்தெருக்கு உள்ள என்ன இருக்கு டீச்சர்? அடி வார்த்தை?"

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகிஸ். 'கூட' அப்படின்னு அர்த்தம். அதிகம், இன்னும் மேல. மத்தவங்களவிடக் கூடுதலா இருக்கிறவங்க மகிஸ்தெர். அதே மாதிரி மினுஸ்னா 'குறைவு'. அதுலேர்ந்து வந்தது மினிஸ்தெர். பணியாள். நாம இப்ப மினிஸ்டர்னு சொல்றோமே, அவங்க."

"அப்ப மந்திரியவிட மேஸ்திரி பெருசா!" என்று ராசகனி துள்ளினாள். மறுபடியும் சிரிப்பு. குழம்பு மணலில் கொட்டப் பார்த்தது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "சித்தாள்னா சிறு ஆள் டீச்சர். சிறுமை கூட்டல் ஆள். சிற்றாள், சித்தாள். பதினொண்ணாங் கிளாஸ்ல புணர்ச்சி விதி படிச்சிருக்கேன். இத்தன வருசமா என்னய நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். இன்னைக்குத்தான் பிரிச்சுப் பாக்குதேன்."

டீச்சர் மணலில் போட்ட கோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"அந்த மகிஸ் இருக்குல்லா, கூடங்கிறது. அதுல ஆம்பள பொம்பள உண்டா?"

"இல்லக்கா. அதுக்கு ரெண்டும் கிடையாது."

"கூடுதலுக்கு ஏது ஆம்பள பொம்பள" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

இந்தப் பகுதியை மட்டும் இவரிடம் முழுசாக வாசித்தேன். சித்தாள் விசயத்தைத் தவிர. இவர் மந்திரி பகுதிக்கு வயிறு குலுங்கச் சிரித்து, கால் வலிக்கிறது என்று முனகி, மறுபடி வாசிக்கச் சொன்னார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லிண்டல் போட்டாயிற்று. டீச்சரிடம் நான் சொன்ன தவணை இன்றோடு முடிகிறது. காலையிலிருந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு ஆள் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போகும்போது மட்டும் கேட்டார்:

"அக்கா, பிற்பாடு மாடியில ஒரு அறை எடுத்தா, சன்னல் எந்தப் பக்கம் வச்சா கடல் காத்து வரும்?"

"கிழக்கால" என்றேன். அளவு நாடாவை அப்போதே கையில் எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

எனக்கு வருவது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

பழைய பக்கத்தில் ஓர் அளவு பார்ப்பதற்காக நோட்டைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சில் எழுத்து. இவருடைய கோணல் எழுத்து.

ஆகஸ்ட் 23-ஆம் தேதிப் பக்கத்தில்: "இடிச்சது சரி. நானா இருந்தா பூச்சுல மறச்சிருப்பேன்."

25-ஆம் தேதிப் பக்கத்தில், கண் விசயம் எழுதிய இடத்தில்: "ஆறு வருசம் இல்ல. ஒம்பது."

30-ஆம் தேதிப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. 'சித்தாள்' என்று நான் எழுதியிருந்த சொல்லின் கீழே ஒரு கோடு மட்டும், பென்சில் முனை உடைகிற மாதிரி அழுத்தி.

அடுப்பங்கரையிலிருந்து வந்து நோட்டை முகத்துக்கு நேரே நீட்டினேன். இவர் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்புச் சட்டக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு அண்ணாச்சி கண்ணாடி. நல்லாத் தெரியுது ஏட்டி. ஒன் மூஞ்சியக்கூட ரொம்ப நாளைக்குப் பொறவு இன்னைக்குத்தான் சரியாப் பாக்குதேன்."

செப்டம்பர் 14, ஞாயிறு

நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து எடுத்து, பழையபடி தலைமாட்டிலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம். அடுத்த மாசக் கடைசியில் கம்பு ஊன்றி நடக்கலாம்.

சைட்டில் சொன்னதும் எல்லோருக்கும் சந்தோஷம். "மேஸ்திரி வந்துருவாரு, இனி ஒனக்குப் பாரம் கொறையும்" என்றாள் ராசகனி. எனக்கும் சந்தோஷம்தான். பின்னே இருக்காதா.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது. மற்றவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 8, புதன்

கூரை!

ஐந்து மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். கலவை மிஷின், தூக்கிக் கொடுக்க இருபது ஆட்கள், கம்பி கட்டினவர்கள். கூரைக் கான்கிரீட்டை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கடல் பக்கம் வானம் ஈயம் மாதிரி இருந்தது.

மிஷினை ஓட்டச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒரு வண்டிச் சத்தம். கொம்பையா. ஆறு வாரத்துக்கு மேலாயிற்று பார்த்து. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மதினி, நான் எங்க நிக்கணும்?"

"மேல. மட்டம் பாக்க ஒங்கள விட்டா ஆளில்ல."

அவன் ஏணியில் பாதி ஏறி நின்றான். "அந்த நடுச்சுவத்த நேத்தே வந்து குண்டு விட்டுப் பாத்தேன். நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். ஏறுங்க."

ஆறு மணிக்கு ஆரம்பித்தது. அதன் பிறகு எனக்கு எதுவும் ஒழுங்காக நினைவில்லை. சட்டிகள் கை மாறிக்கொண்டே இருந்தன. நான் மேலே ஓடினேன், கீழே ஓடினேன், கம்பி மிதிபட்ட இடத்தில் தூக்கிக் கட்டச் சொன்னேன், தண்ணீர் கூடின கலவையைத் திருப்பி அனுப்பினேன். தொண்டை கட்டிவிட்டது. பதினொரு மணிக்குப் பத்துச் சொட்டுத் தூறியது. இருபது பேரும் ஒன்றாக வானத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. "கை நிக்கக் கூடாது" என்று கத்தினேன். நிற்கவில்லை. தூறல்தான் நின்றது.

மூன்றரை மணிக்குக் கடைசிச் சட்டி. கொம்பையா மட்டக்கட்டையை இழுத்துத் தேய்த்து முடித்து நிமிர்ந்தான். கூரை முழுக்க ஈரச் சாம்பல் நிறத்தில், மடித்து விரித்த வேட்டி மாதிரி கிடந்தது. ராசகனி குலவை போட்டாள். டீச்சர் கீழே நின்று ஆளுக்கு ஆள் அல்வா கொடுத்தார்.

அப்போதுதான் நினைவு வந்தது. இவருக்குப் போனே பண்ணவில்லை. ஆரம்பிக்கும்போது, பாதியில், முடிந்ததும் என்று மூன்று தரம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். இவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"மறந்தே போயிட்டுங்க."

"நீ கூப்பிடலன்ன ஒடனே எல்லாம் ஒழுங்கா நடக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "கூப்பிட்டிருந்தாத்தான் பயந்திருப்பேன்."

அக்டோபர் 17, வெள்ளி

ராத்திரியெல்லாம் பேய்மழை. விடிந்ததும் போய்க் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இவர் கம்பு ஊன்றி எட்டு அடி நடந்தார். டாக்டர் தட்டிக்கொடுத்தார். பிறகு, சாரம் ஏறுவது மட்டும் இனி எப்போதுமே கூடாது என்றும் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது இவர் வெளியே பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் ஆசை நிறைவேற இவர் கால் ஒடிந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆசை என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

சாயங்காலம் இவராகவே கேட்டார். "அந்த டீச்சர் சொன்ன லத்தீன் வார்த்தை என்ன?"

"மகிஸ்."

"கூட."

"ம். இன்னும் கூட."

"அப்ப ஒரு மேஸ்திரியவிட வேலை கூடத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருந்தா, அதுவும் மேஸ்திரிதான."

"அந்த ஆளு பொம்பளையா இருந்தா?"

இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "காப்பி போடுதியா?" என்றார். சீனி போதாது என்று ஒரு குறையும் சொன்னார். ஆனால் டம்ளரை வைக்கிற சாக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று வேலை இல்லை. மீன் வாங்கி, துணி துவைத்து, பதினொரு மணிக்குப் புழக்கடையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவர் போன் அடித்தது. கம்பின் டக் டக் சத்தம். எடுத்தார்.

"ஆமா, சொரிமுத்து மேஸ்திரி நம்பர்தான்... குலசேகரன்பட்டணமா? எத்தன செண்டு?... பிளசிடா டீச்சர் வீட்டப் பாத்தியளா? அப்படியா... சந்தோசம்."

நான் செம்பைப் பிடித்தபடி நின்றேன்.

"மேஸ்திரிகிட்டதான் பேசணும், கேக்குது. மேஸ்திரி குளிச்சுக்கிட்டிருக்கா. பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பார்கள்.

"இல்லண்ணாச்சி, சரியாத்தான் சொல்லுதேன். குளிச்சுக்கிட்டிருக்கா... நானா? நான் மேஸ்திரி வீட்டுக்காரன்."

போனை வைத்துவிட்டுப் புழக்கடைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏட்டி, மெதுவாவே வா. காத்திருப்பாங்க."

நான் இன்னொரு செம்புத் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். பிறகு இன்னொன்று.